திண்டிவனத்தில் பெயர்ச்சீட்டு உதிர்ந்த குப்பிகள்

விழுப்புரத்தில் ரயிலை விட்டு இறங்கியது முதல் எல்லோரும் என்னை மலையாளி என்றே நினைத்தார்கள். நிலையத்துக்கு வெளியே இட்லி விற்ற அம்மாள், "கேரளாவா கண்ணு?" என்றாள். யாழ்ப்பாணம் என்றேன். "அது கொல்லத்துக்கு அந்தாண்டையா?" கடல் தாண்டி வந்திருக்கிறேன் என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னோர் இட்லியை இலையில் வைத்தாள். தொட்டுக்கொள்ள மல்லாட்டைச் சட்னி. மல்லாட்டை என்றால் என்னவென்று கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே கூடையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டினாள். எங்களூர்க் கச்சான், அதாவது நிலக்கடலை.

யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் உயிரியல் படிப்பிக்கிறவள் நான். மேல்வகுப்புக்கு விலங்கியல் வந்துவிட்டது. ஆய்வுகூடத்தில் ஒரு தவளைப் படமும், ஒரு கால் இல்லாத கோழி எலும்புக்கூடும்தான் இருந்தன. திண்டிவனத்தில் ஒரு டாக்டர் இறந்துபோய், அவர் சேர்த்துவைத்த பிராணிகளை எந்தப் பள்ளிக்கூடம் கேட்டாலும் கொடுத்துவிட அவர் மனைவி நினைக்கிறார் என்று எங்கள் தலைமையாசிரியைக்குத் தூரத்து உறவினர் மூலம் தெரிந்தது. விடுமுறை வந்ததும் என்னை அனுப்பினார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, போக வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

திண்டிவனம் பஸ்ஸில் பின்சீட்டுத்தான் கிடைத்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் எல்லோரும் கூரை நோக்கி எழும்பி உட்கார்ந்தோம். முதுகெலும்பு முடிகிற இடத்தில், ஒருகாலத்தில் வால் இருந்ததற்கு அடையாளமாக நாலைந்து சிறு எலும்புகள் ஒட்டிக் கிடக்கின்றன என்று பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அவை எங்கே இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் துல்லியமாகத் தெரிந்தது.

மயிலம் போகும் வழி பிரிகிற இடத்துக்கு அருகில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. முன்பக்கம் ஆவி பறந்தது. டிரைவர் தகர வாளியோடு ஏரிப் பக்கம் போனார். எல்லோரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் நின்றோம். கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர், காதர் பாய் என்று பெயர், துணி வியாபாரம், அவித்த மல்லாட்டையைப் பொட்டலத்தோடு என் பக்கம் நீட்டினார்.

"ஜல்தி கெளம்பாதும்மா இது. சாப்புடுங்க. திண்டிவனத்துல யாரு வூட்டுக்குப் போறீங்க?"

டாக்டர் பெயரைச் சொன்னேன். உரித்த தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடி டாக்டர் வூடா? தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அவரு நல்ல மனுஷரு. எங்க வூட்டுல ஜொரம் வந்து கெடந்தப்ப அவருதான் காப்பாத்திக் குடுத்தாரு. ஆனா வயித்துப்புள்ளக்காரிங்க அந்தத் தெருவாண்ட போக மாட்டாங்க. ரெண்டு தெரு சுத்திக்கினுதான் போவாங்க."

"ஏன்?"

"உள்ளாற இருக்கிறதுங்க கூப்புடுமாம்." பிறகு, நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார். "நான் கேட்டதில்ல. சொல்லிக்கிறாங்க."

நான் சிரிக்கத்தான் செய்தேன். பஸ் புறப்பட்டபோது வெயில் சாய்ந்திருந்தது.

ரயில் பாதையை ஒட்டிய தெரு அது. ஜட்கா வண்டிக்காரர் முனையிலேயே நிறுத்திக்கொண்டார். குதிரை உள்ளே போகாது என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எனக்கு எதிரே தண்ணீர்க் குடத்தோடு வந்த ஓர் இளம்பெண் பாதி வழியில் நின்றாள். ஆறேழு மாதம் இருக்கும். நான் நுழையப்போகிற வீட்டைப் பார்த்தாள், முந்தானையை இழுத்து வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

டாக்டரின் மனைவி அலமேலு அம்மாளுக்கு அறுபதுக்கு மேலிருக்கும். உயரமான, மெலிந்த உருவம். பிரம்மதேசத்தில் நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். என் பேச்சைக் கேட்டு அவர் மலையாளியா என்று கேட்கவில்லை. "கடலுக்கு அந்தாண்டேர்ந்து வந்திருக்கீங்க, மொதல்ல சாப்புடுங்க" என்றார். பச்சையம்மாள் என்ற வேலைக்காரப் பெண்மணி, அவரும் கிட்டத்தட்ட அதே வயது, கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். எங்களூர்க் குழம்பைவிடப் புளி அதிகம், உறைப்பு குறைவு. களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று பச்சையம்மாள் சொல்லித் தந்தார். நான் மென்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

சாப்பிட்டதும் அந்த அறையைத் திறந்து காட்டினார்கள். சுவர் முழுவதும் ஒரே கண்ணாடி அலமாரி. பார்மலின் மணம் கண்ணைக் கரித்தது. எலும்புக்கூடுகள், அடைத்த பறவைகள், வரிசை வரிசையாகக் குப்பிகள். அலமாரியின் முன்னால் தரையில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம், அதில் பால். பூனைக்காக இருக்கும் என்று நினைத்தேன். அந்த வீட்டில் பூனை எதையும் நான் பார்க்கவில்லை.

குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. முதலில் மூடிகள் மெல்லச் சிணுங்கின. பிறகு கண்ணாடி முழுவதும் ஒரே சுருதியில் ஒலித்தது. குப்பிகளுக்குள் வெள்ளையாகச் சுருண்டு கிடந்தவை எல்லாம் ஒன்றாகத் தலையசைத்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும், ஒவ்வொன்றுக்கும் முகம் என்று சொல்ல முடியாத முகம். யாரோ கேட்ட கேள்விக்கு ஆம் என்று சொல்வதுபோல நிதானமாக அசைத்தன. நான் பின்வாங்கியதில் பால் கிண்ணம் காலில் பட்டுக் கொட்டியது.

"ரயிலு போவுது" என்றார் அலமேலு அம்மாள். "பயந்துக்காதீங்க. மெயிலு போனா ரொம்ப ஆடுங்க. கூட்ஸு போனா மெதுவா ஆடுங்க." குனிந்து தரையைத் துடைத்தார். பச்சையம்மாள் கேட்காமலே போய் வேறு பால் கொண்டுவந்தார்.

மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கினேன். வெளிச்சத்தில் எல்லாம் சாதாரணமாகத் தெரிந்தது. டாக்டர் ஒழுங்கானவர். மேலிருந்து கீழாக, ஒரு பாடப்புத்தகத்தின் வரிசையில் முதுகுநாணிகளை, முதுகில் நாண் உள்ள பிராணிகளை, அடுக்கியிருந்தார். அலமேலு அம்மாள் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேல்தட்டில் வதங்கிய உருளைக்கிழங்கு போல ஒன்று இருந்தது. "இது இன்னா டீச்சர்? அவரு இருந்தப்பவும் எனக்கு இது வெளங்கல" என்றார்.

"கடல்ல பாறையில ஒட்டிக்கொண்டு இருக்கிற பிராணி அம்மா. தொட்டால் தண்ணி பீச்சும். கடற்பீச்சி எண்டு சொல்லுவினம். ஆனா குஞ்சா இருக்கேக்க இதுக்கு வால் இருந்தது. வாலுக்குள்ள கெட்டியான நாண் ஒண்டும் இருந்தது. நீந்தித் திரிஞ்சது. பிறகு ஒரு கல்லில ஒட்டி, வாலையும் நாணையும் தானே கரைச்சு விழுங்கிப்போட்டு, இப்படியே இருந்துவிட்டுது."

"தன் வால தானே முழுங்கிடுச்சா?"

"ஓம்."

அடுத்து, விரல் நீளத்தில் இரு முனையும் கூராக ஒரு வெளிறிய பிராணி. ஆம்பியாக்ஸஸ். மணலுக்குள் புதைந்து வாழ்வது. அதற்குத் தலை என்று தனியாக இல்லை, எலும்பு இல்லை. நாண் மட்டும் மூக்கு நுனிவரை ஓடுகிறது. அதற்குக் கீழே முதுகெலும்பு உள்ளவை. சுறாக்குட்டி, கெளுத்தி, தேரை, ஓணான், ஆமை ஓடு, காகம், வௌவால், கடைசியில் ஒரு குரங்கின் எலும்புக்கூடு. மீன், நீரிலும் நிலத்திலும் வாழ்பவை, ஊர்வன, பறவை, பாலூட்டி. நான் பெயர்களைச் சொல்லச் சொல்ல அவர் தலையசைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தலையசைப்பு எனக்கு முந்தைய நாளை நினைவூட்டியது.

"கெழங்கு மாதிரி இருக்கிறதும் கொரங்கும் எப்படி ஒரே குடும்பமாவும்?"

வகுப்பில் சொல்வதைத்தான் சொன்னேன். நாலு அடையாளம் பார்க்கிறோம். முதுகுப் பக்கமாக நீளவாட்டில் ஒரு கெட்டியான நாண். அதற்கு மேலே உள்ளே கூடான நரம்புக் குழாய். தொண்டையின் இரண்டு பக்கமும் பிளவுகள், மீனுக்குச் செவுள் இருக்கிற இடத்தில். பிறகு, கழிவுவாயையும் தாண்டி நீளுகிற வால். சாகும்வரை நாலும் இருக்க வேண்டும் என்றில்லை. வாழ்க்கையில் ஒருமுறை, உருவாகிற காலத்திலாவது, நாலும் இருந்திருந்தால் போதும்.

"மனுஷனுக்கும்?"

"மனிசருக்கும்தான். எங்கட கழுத்தில அந்தக் கோடுகள் இருந்தது. வால் இருந்தது. உங்களுக்கும் எனக்கும்."

அவர் கையைத் தூக்கித் தன் கழுத்தை ஒரு பக்கம் தடவிப் பார்த்தார். நானும் என்னை அறியாமல் தடவினேன். இருவரும் அப்படி உட்கார்ந்திருந்தபோது பச்சையம்மாள் மோர் கொண்டுவந்து, எங்களைப் பார்த்துவிட்டு, தம்ளர்களை நிலைப்படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் மேல்தட்டுகள் முடிந்தன. எதை எடுப்பது, எப்படிக் கட்டுவது என்று தீர்மானித்துவிட்டேன். கீழ்த்தட்டுக்குக் கை நீட்டியபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எல்லாத்தையும் எடுத்துக்குங்க டீச்சர். ஒண்ண மட்டும் வுட்டுட்டுப் போங்க."

"எதை?"

"அதத்தான் நீங்க சொல்லணும்."

பிறகு சொன்னார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒருமுறை நாள் தள்ளியது. இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. வலி வந்து மயங்கிப்போனார். கண்விழித்தபோது எல்லாம் சுத்தம் செய்து முடிந்திருந்தது. எங்கே என்று கேட்டதற்கு, அதெல்லாம் நினைக்காதே என்றார் கணவர். அதற்குப் பிறகு வயிறு திறக்கவே இல்லை. டாக்டர் படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி நாட்களில் ஒருநாள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கொழந்தைய நான் தூக்கிப் போடல அலமேலு, உள்ளதான் இருக்குது" என்று அலமாரிப் பக்கம் கண்ணைக் காட்டினார். எது என்று இவர் கேட்டார். அதற்குள் அவருக்குப் பேச்சு குழறிவிட்டது.

"கீழ இருந்த குப்பிங்கள்ல சீட்டு ஒட்டியிருந்தாரு. எல்லாத்தையும் ராமபாணப்பூச்சி தின்னுட்டு, தூளாத்தான் கெடந்துது. எது என்னுதுன்னு தெரியாம எல்லாத்துக்கும் சேத்துப் பால் வெச்சிக்கினு இருக்கேன்."

"முன்னமே ஒருத்தரையும் கேக்கேல்லையா?"

"வெளிய சொன்னா பைத்தியம்னுவாங்க. ஏற்கனவே இந்தத் தெருவுல நடக்க மாட்டேங்குறாங்க." அலமாரியைப் பார்த்தார். "அதுக்கோசரம்தான் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கறேன்னு சொன்னேன். படிச்சவங்க யாரனா வருவாங்க இல்ல."

அன்று இரவு பக்கத்து அறையில் எனக்குப் படுக்கை போட்டிருந்தார்கள். நான் தூங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் விடியற்காலையில் எழுந்து அந்த அறையைக் கடந்தபோது, முதல் நாள் சுவரைப் பார்த்துச் சுருண்டிருந்த ஒன்று என் பக்கம் திரும்பியிருந்தது. ரயில்கள் போயிருக்கும். அதிர்வில் திரும்பியிருக்கும். இதை எனக்கு நானே உரக்கச் சொல்லிக்கொண்டேன். சொன்ன குரல் வகுப்பில் பேசுகிற குரலாக இல்லை.

மூன்றாம் நாள் குப்பிகளை முற்றத்துக்கு எடுத்துவந்து, வெள்ளைத் துணி விரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்தேன். புத்தகத்தில் இந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மீன், ஆமை, கோழி, ஆடு, மனிதன், எல்லாவற்றின் கருவும் ஒரு பருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பெரிய தலை, குனிந்த கழுத்து, கழுத்தில் கோடுகள், சுருண்ட வால். பரீட்சையில் எழுத இலகுவான பாடம். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு தாய் நிற்கும்போது பிரித்துச் சொல்வது வேறு.

மீன் முதலில் கழிந்தது. வயிற்றில் மஞ்சள் கருப் பை தொங்கியது. தேரையினுடையவை தலைப்பிரட்டைகள், சந்தேகமே இல்லை. ஆமையின் முதுகில் ஓட்டின் விளிம்பு தடித்திருந்தது. கோழிகளுக்குக் கண் அளவுக்கு மீறிப் பெரிது. ஒவ்வொன்றையும் தள்ளிவைக்கும்போது, "இது இல்ல" என்று அலமேலு அம்மாள் மெதுவாகச் சொல்லிக்கொண்டார். வெயில் சுவரேறுகிற நேரத்தில் பாலூட்டிகள் மூன்று மட்டும் மிஞ்சின.

அவற்றில் ஒன்று சிறியது. கழுத்துப் பிளவுகள் திறந்திருந்தன, வால் நீளம், கையிருக்க வேண்டிய இடத்தில் வெறும் மொட்டு. நெடுநேரம் பார்த்தேன். வாலின் நீளத்தையும் உடம்பின் வளைவையும் வைத்து ஆடு என்றேன். அதைச் சொல்லும் முன் நான் ஒரு கணம் தயங்கினேன். அதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

மற்ற இரண்டிலும் தயக்கத்துக்கு இடமில்லை. கழுத்துக் கோடுகள் கூடி மறையத் தொடங்கியிருந்தன. வால் குறுகிவிட்டது. துடுப்புப் போன்ற கைகளில் ஐந்து விரல்களுக்கான கோடு விழுந்திருந்தது. கண்ணாடியை இறக்கிவைத்தேன். மறுபடி எடுத்து இரண்டாவதைப் பார்த்தேன். மறுபடி முதலாவதை.

"இதுவா?" என்றார் அலமேலு அம்மாள்.

"அம்மா, ரெண்டும்."

"ரெண்டும்னா?"

"ரெண்டும் மனிசப் பிள்ளை."

அவர் முகம் கடினமானது. "எனக்கு ஒண்ணுதான் ஆச்சு" என்றார். "ஒண்ணுதான்."

பாத்திரம் விழும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பச்சையம்மாள் சமையலறை வாசலில் நின்றிருந்தார். அவர் பார்வை வெள்ளைத் துணியின் மேலிருந்தது. விழுந்த செம்பை எடுக்கக் குனியவில்லை.

"அம்மாவுக்கு ஆச்சே, அதுக்கு அடுத்த வருஷமோ என்னமோ" என்றார். "என் வூட்டுக்காரரு வண்டியில போட்டு இங்கதான் கொண்டாந்தாரு. டாக்டரு அய்யாதான் பாத்தாரு. வாய்க்கால்ல வுட்டாச்சு, போயி வேலையப் பாருன்னாரு. அதுக்கப்புறம்தான் இங்க வேலைக்கி வந்தேன்." அறைப் பக்கம் கையைக் காட்டினார். "அந்த அலமாரிய நாந்தானே தொடைக்கிறேன். ஒவ்வொண்ணா எடுத்துத் தொடைச்சு வெக்கிறேன்."

அலமேலு அம்மாள் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபம் வரத்தான் செய்தது. "உன்னுத எடுத்தாந்து என்னுதோட வெச்சாரா?" என்றார். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே குரல் இறங்கிவிட்டது. "எதுடி உன்னுது?"

"தெரியலியேம்மா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் கற்ற வரிசை எனக்கு மனப்பாடம். முதுகுநாணி, முதுகெலும்பி, பாலூட்டி, மனிதன். ஒவ்வொரு படியாக இறங்கி வந்தால் ஒவ்வொரு பிராணிக்கும் ஓர் இடம் கிடைக்கும். அந்த முற்றத்தில் நான் கடைசிப் படிவரை வந்துவிட்டேன். அதற்குக் கீழே படி இல்லை. நிலக்காரி பிள்ளை, வண்டிக்காரன் பெண்டாட்டி பிள்ளை என்று பிரிக்க ஓர் எலும்பும் இல்லை, ஒரு கோடும் இல்லை.

"என்னால சொல்லேலாது" என்றேன். "ஒருத்தராலயும் சொல்லேலாது."

அலமேலு அம்மாள் வெகுநேரம் அந்த இரண்டு குப்பிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பச்ச, இங்க வா. வந்து ஒக்காரு" என்றார். அந்தம்மாள் தயங்கித் தயங்கி வந்து துணியின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நீ ஒண்ணு எடுத்துக்க. நான் ஒண்ணு எடுத்துக்கறேன்."

"மாத்தி எடுத்துட்டா?"

"மாத்தி எடுத்துட்டா என் புள்ள உன் மடியில இருக்கும். வேற எங்க போயிடப் போவுது."

பச்சையம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டி ஒன்றை எடுத்தார். அவர் அழவில்லை. முந்தானையால் அதன் மூடியைத் துடைத்தார், பழக்க தோஷத்தில்.

நாலாம் நாள் பிரம்மதேசம் போனோம். அலமேலு அம்மாளுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த நிலம் அங்கே இருக்கிறது. பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அப்படி உட்கார்ந்தது அன்றைக்குத்தான் என்று பச்சையம்மாள் பிறகு சொன்னார். மடியில் குப்பி, மேலே முந்தானை. கண்டக்டர் வந்து மணத்தை முகர்ந்தார்.

"இன்னாம்மா அது, மருந்தா? பேஜாரா இருக்குது வாசன. ஒடைஞ்சிடப் போவுது, கீழ வையிங்க."

"கொழந்தைங்க" என்றார் அலமேலு அம்மாள். "தூங்குதுங்க."

கண்டக்டர் சிரிக்க வாயெடுத்தார். இரண்டு கிழவிகளின் முகத்தையும் பார்த்தார். அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் வரவே இல்லை. நாங்கள் இறங்க வேண்டிய இடத்தில் விசில் மட்டும் ஊதினார்.

பழைய கோயிலின் மதில் தெரிகிற தூரத்தில் மல்லாட்டைக் கொல்லை. வரப்போரமாகப் பச்சையம்மாள்தான் களைக்கொட்டால் குழி பறித்தார். இரண்டு குழி பறிக்கத் தொடங்கி, ஒன்று போதும் என்று அலமேலு அம்மாள் சொன்னதும் அதையே அகலமாக்கினார். பார்மலினைத் தள்ளிக் கொட்டிவிட்டு, கொண்டுபோன தண்ணீரில் அவற்றைக் கழுவி, நான்தான் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைத்தேன். ரப்பர் போலிருந்தன. ஒரு அவரைக்கொட்டையைவிடக் கனமில்லை.

"ஆணா, பொண்ணா டீச்சர்?" என்றார் பச்சையம்மாள். "பேரு வெக்கணுமே."

அதுவும் கண்ணுக்குப் பிரியாத வயது அது என்று சொன்னேன்.

"அப்ப கண்ணுன்னு வெக்கிறேன். எதுக்கும் ஆவும்." அலமேலு அம்மாளைப் பார்த்தார். "அம்மா, நீங்க?"

"நானும் கண்ணுன்னுதான் கூப்புட்டுக்கினு இருந்தேன்" என்றார் அலமேலு அம்மாள்.

மண்ணைத் தள்ளும் முன் எறும்புச் சாரி ஒன்று குழியின் விளிம்புவரை வந்தது. முன்னே வந்தவை உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல நின்றன, பிறகு மொத்தமாகத் திரும்பிவிட்டன. மருந்தின் நெடிதான் காரணம். எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தக் கொல்லையில் காற்றே இல்லாமல், காக்கை கத்தாமல், எறும்புகள்கூட விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் முதுகு நெடுகிலும் ஒன்று ஊர்ந்து இறங்கியது.

ஐந்தாம் நாள் காலையில் நான் மூட்டை கட்டினேன். வைக்கோலும் பழந்துணியும் பச்சையம்மாள் கொண்டுவந்து குவித்திருந்தார். கடற்பீச்சி, ஆம்பியாக்ஸஸ், சுறாக்குட்டி என்று ஒவ்வொன்றாகச் சுற்றி மரப்பெட்டியில் அடுக்கினேன். மீன், ஆமை, கோழிக் கருக்களையும் வைத்தேன். ஆட்டுக் கருவைத் தேடினேன். தட்டில் இல்லை.

கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லின் மேல் குப்பிகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தது. பிரம்மதேசத்துக்குக் கொண்டுபோனவை இரண்டு. அங்கே மூன்று இருந்தன. மூன்றாவது சிறியது.

அலமேலு அம்மாள் பவழமல்லிச் செடியடியில் நின்றிருந்தார். அவர் காலடியில் மண் ஈரமாக, புதிதாகக் கிளறியிருந்தது. கையில் இன்னும் சேறு.

"ஆடுன்னு சொன்னீங்க" என்றார். "சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்துனீங்க."

வாலின் நீளத்தை நினைத்துப் பார்த்தேன். உடம்பின் வளைவை நினைத்துப் பார்த்தேன். இரண்டு மாதம்கூட நிற்கவில்லை என்று அவர் சொன்னதையும் நினைத்தேன். அந்தச் சின்னக் குப்பியில் இருந்ததை இன்னும் ஒருமுறை, ஒரே ஒருமுறை கண்ணாடியில் பார்த்தால் போதும் என்றிருந்தது. பள்ளத்தைத் தோண்டச் சொல்லலாமா என்றுகூட வாய் வரை வந்தது.

"ஆடா இருந்தாலும் இருந்துட்டுப் போவுது டீச்சர்" என்றார் அவர். "அதுக்கும் ஒரு ஆத்தா இருந்திருக்கும் இல்ல." கையைக் கழுவ வாளியில் தண்ணீர் மொண்டார். "பச்சகிட்ட சொல்லிடாதீங்க. அவ கணக்குல ரெண்டாவே இருக்கட்டும்."